அந்த மாத்திரை வேலை செய்ததா?

மாணவர்களே, 2021 ஜூலை மாதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்களில் பலர் அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தீர்கள். பாடம் கைப்பேசித் திரையில் நடந்தது. சிலாங்கூரின் பெரும்பகுதியும் கோலாலம்பூரின் பல இடங்களும் ஜூலை 3 முதல் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தன. வருமானம் இழந்த குடும்பங்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. ஜூலை 13-இல், நாட்டில் ஒரே நாளில் பதிவான கோவிட்-19 தொற்று முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுக்கைகள் போதவில்லை. நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் பெற்றார்கள்.

அந்த வாரங்களில் புலனக் குழுக்களில் ஒரு மாத்திரையின் பெயர் சுற்றி வந்தது: ஐவர்மெக்டின். "எங்கள் மாமா சாப்பிட்டார், ஐந்தே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்" என்பது போன்ற செய்திகள். அப்போது மலேசியாவில் அந்த மருந்து விலங்குகளுக்கு மட்டுமே பதிவு பெற்றிருந்தது. இருந்தும் அனுமதியில்லாமல் அது விற்கப்பட்டது. அமலாக்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். "இவ்வளவு மலிவான மருந்தை அரசாங்கம் ஏன் கொடுக்க மறுக்கிறது?" என்று படித்தவர்களும் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இந்த வாரப் பாடம். அதற்கு முன், அந்த நோய் நுரையீரலை என்ன செய்தது என்று தெரிந்துகொள்வோம்.

மூச்சுத் திணறாமலே குறையும் ஆக்சிஜன்

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. உள்ளே வரும் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், அந்தச் சுவரைக் கடந்து இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் சேர்கிறது. கரியமில வாயு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. கோவிட் நிமோனியாவில் இந்தச் சுவர் வீங்கித் தடிக்கிறது, சில காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக்சிஜனால் எளிதாகக் கடக்க முடிவதில்லை.

இங்கே ஒரு விசித்திரம். மூச்சுத் திணறல் என்ற உணர்வை நமக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று. கரியமில வாயு கூடுவதுதான். மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடத்தில் உங்களைத் தவிக்க வைப்பது கரியமில வாயுவே. அந்த வாயு ஆக்சிஜனைவிட மிக எளிதாகத் திசுக்களைக் கடந்து போய்விடும். ஆகவே நுரையீரல் கெட்டுவரும் நிலையிலும் அது ஓரளவு வெளியேறிக்கொண்டே இருக்கும்; மூளைக்கு அபாய மணி கேட்காது. அதனால்தான் சிலர் இரத்தத்தில் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்த நிலையிலும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன்மானி பல வீடுகளுக்கு வந்தது இதனால்தான். அதன் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ ஆயோகி. அந்தக் கருவி சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் உறிஞ்சும். நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் தமனி இரத்தத்தின் நிலை தெரியும். 95 முதல் 100 விழுக்காடு வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஆயோகி 2020 ஏப்ரலில் காலமானார். தம் கருவியை உலகமே விரலில் மாட்டத் தொடங்கிய மாதங்கள் அவை.

மலேசிய மருத்துவர்கள் கோவிட் நோயாளிகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறிகுறி இல்லாதது 1, அறிகுறி உள்ளது 2, நிமோனியா 3, ஆக்சிஜன் தேவைப்படுவது 4, உயிர்காப்புச் சுவாசக் கருவி வரை போவது 5. மூன்றிலிருந்து நான்குக்குப் போவதுதான் பெரிய தாண்டல். ஒரு மருந்து அந்தத் தாண்டலைத் தடுத்தால், கிள்ளான் மருத்துவமனையில் நாற்காலிகள் காலியாகும்.

மாமா குணமானது சாட்சி ஆகாதா?

ஐவர்மெக்டின் மோசமான மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய விஞ்ஞானி சத்தோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது அது. ஒட்டுண்ணிப் புழுக்களால் வரும் ஆற்றுக் குருடு, யானைக்கால் நோய் இரண்டுக்கும் எதிராகக் கோடிக்கணக்கானவர்களுக்கு உதவியிருக்கிறது. ஓமுராவும் வில்லியம் கேம்பலும் அதற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் இருவர். 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இந்த மருந்து கொரோனா கிருமியின் அளவை 48 மணி நேரத்தில் ஏறக்குறைய 5,000 மடங்கு குறைத்ததாக அறிவித்தது. பரபரப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் அந்த ஆய்வில் பயன்படுத்திய மருந்தின் செறிவு, மாத்திரை விழுங்கிய மனிதரின் இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணாடிப் பாத்திரத்தில் கிருமியைக் கொல்வது எளிது. சவர்க்கார நீரும் அதைச் செய்யும்.

சரி, மாமா? அவர் குணமானது உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? அந்த இன்னொரு மாமாவை நாம் பார்க்கவே முடியாது. ஆரம்பப்பள்ளி அறிவியலில் பச்சைப் பயறு முளைக்க வைத்தீர்களே, ஒரு தட்டு வெளிச்சத்தில், இன்னொன்று இருட்டில்? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று எழுதினீர்களே? ஒரே தட்டை மட்டும் வைத்துவிட்டு "வெளிச்சத்தால்தான் முளைத்தது" என்று எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார். மாமாவின் கதை ஒரே தட்டுதான்.

பயற்றுக்கு இரண்டாவது தட்டு வைப்பது எளிது. மனிதருக்கு எப்படி வைப்பது? கோலாலம்பூரிலேயே ஒருவர் நூறாண்டுகளுக்கும் முன்னால் அதைச் செய்து காட்டினார்.

1905: புழுங்கல் அரிசியும் பச்சரிசியும்

அன்றைய மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கும். ஈய லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதற்கு அதிகம் பலியானார்கள். தோட்டத் தமிழர்களுக்கோ அரிதாகவே வந்தது. ஏன்? இனமா, இடமா, கிருமியா, உணவா? சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. ஆனால் இரு சாராருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, வீடு வேறு, பழக்கம் வேறு. வெறுமனே ஒப்பிட்டால் எது காரணம் என்று சொல்ல முடியாது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றை எண் வந்தவர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டை எண் வந்தவர்களுக்குப் புழுங்கல் அரிசி. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 120 பேர். மற்றபடி ஒரே வளாகம், ஒரே மாதிரியான கூடங்கள். ஓர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

1907-இல் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னால்தான் கிடைத்தது. காரணம் தெரியாமலே எந்த அரிசி உயிரைக் காக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இந்த முறையின் பலம் அதுதான். அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் புழுங்கல் அரிசி மூட்டையைப் பார்க்கும்போது பிளெட்சரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறையில் இன்று நாம் ஏற்க முடியாத ஒன்று உண்டு. அந்த நோயாளிகள் மனமுவந்து சம்மதித்துச் சேர்ந்தவர்கள் அல்லர். இன்று ஒருவரைச் சோதனையில் சேர்க்க வேண்டுமானால் அவருக்குப் புரியும்படி விளக்கி எழுத்துவழி சம்மதம் பெற வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இன்னொன்று, ஒற்றை இரட்டை முறையில் அடுத்தவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். "இவர் பாவம், நல்ல பக்கம் போகட்டும்" என்று யாராவது இரக்கப்பட்டு இடம் மாற்றினாலே ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் இப்போது கணினிதான் குலுக்கல் போடுகிறது.

2021: 490 பேர்

இனி நம் மாத்திரைக்கு வருவோம். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில் ஒரு சோதனை திட்டமிடப்பட்டது. நோய்த்தொற்றின் முன்னணிக் களமாக இருந்த சுங்கை பூலோ மருத்துவமனையின் டாக்டர் சுரேஷ் குமார் சிதம்பரம், சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சிக் கழக இயக்குநராக இருந்த டாக்டர் கலையரசு பெரியசாமி ஆகியோரும் ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். 2021 மே 31 முதல் அக்டோபர் 25 வரை, நாட்டின் 20 அரசு மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தும் மையத்திலும் நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். தேதிகளைக் கவனியுங்கள். ஆகஸ்டு 26-இல் நாட்டின் தினசரித் தொற்று 24,599 ஆனது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஓடிக்கொண்டிருந்த மருத்துவர்கள்தான் படிவம் நிரப்பி, சம்மதம் வாங்கி, ஒவ்வொருவரையும் நாள்தோறும் கண்காணித்துக் குறித்தும் வைத்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் வியப்பூட்டுவது இதுவே.

சேர்க்கப்பட்டவர்கள் யார்? 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய் ஏதேனும் ஒன்றாவது உள்ளவர்கள். அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் இருந்தவர்கள். இன்னும் ஆக்சிஜன் தேவைப்படாதவர்கள். ஆபத்து அதிகம் உள்ள, ஆனால் இன்னும் கீழே விழாதவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இருபது வயது இளைஞர்களைச் சேர்த்திருந்தால் கிட்டத்தட்ட எல்லாருமே குணமாகியிருப்பார்கள். மருந்தின் சக்தி தெரிந்திருக்காது.

குலுக்கலில் 241 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஐவர்மெக்டின், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.4 மில்லிகிராம் வீதம், ஐந்து நாள்களுக்கு. மற்ற 249 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். என்ன அளப்பது என்பதும் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யப்பட்டது: இரத்தத்தில் ஆக்சிஜனை 95 விழுக்காட்டில் வைத்திருக்க வெளியிலிருந்து ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்கு எத்தனை பேர் போகிறார்கள்? அதாவது நான்காம் நிலைக்குத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? முன்கூட்டியே எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்று பிறகு பார்ப்போம்.

ஆய்வு முடிவு 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'ஜாமா' குழும இதழ் ஒன்றில் வந்தது.

மாத்திரை சாப்பிட்ட 241 பேரில் 52 பேர் கடுமையான நிலைக்குப் போனார்கள், 21.6 விழுக்காடு. சாப்பிடாத 249 பேரில் 43 பேர், 17.3 விழுக்காடு.

மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம்தான் எண்ணிக்கை கூடுதல். அப்படியானால் மாத்திரை கெடுதல் செய்தது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. மருந்துக்கு எந்தச் சக்தியுமே இல்லாவிட்டாலும், 490 பேரைக் குலுக்கிப் பிரிக்கும்போது இந்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ ஏறக்குறைய நான்கில் ஒருமுறை தற்செயலாகவே வரும். ஆய்வாளர்கள் இதை 0.25 என்ற பி மதிப்பாகக் குறிப்பிடுகிறார்கள். எனவே அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: இந்த மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் மாத்திரைப் பக்கத்தில் அதிகம், 14 பேருக்கு. மறுபக்கத்தில் 4 பேருக்கு.

இப்போது மாமாவை மீண்டும் பாருங்கள். மாத்திரை சாப்பிடாத 249 பேரில் 206 பேர் கடுமையான நிலைக்குப் போகவே இல்லை. இத்தனைக்கும் எல்லாரும் 50 வயதைத் தாண்டியவர்கள், வேறு நோயும் உள்ளவர்கள். அவர்கள் கையில் ஏதாவது ஒரு மாத்திரையோ கஷாயமோ கொடுத்திருந்தால், 206 குடும்பங்கள் அதைத்தான் புகழ்ந்து செய்தி அனுப்பியிருக்கும்.

இந்த ஆய்விலும் குறை உண்டு. மாத்திரை சாப்பிடுவது யார் என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். மறுபக்கத்தினருக்குப் போலி மாத்திரை கொடுக்கப்படவில்லை. ஆக்சிஜன்மானியின் எண் யாருடைய நம்பிக்கையையும் பார்க்காது என்பது ஓரளவு ஆறுதல்.

ஒரு மாணவர் கண்டுபிடித்த பிழை

அதே 2021 ஜூலையில் இலண்டனில் வேறொன்று நடந்தது. ஐவர்மெக்டின் இறப்பைப் பெருமளவு குறைக்கிறது என்று எகிப்திலிருந்து ஓர் ஆய்வு முன்பதிப்பாக இணையத்தில் வெளியாகியிருந்தது. உலகெங்கும் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். ஜேக் லாரன்ஸ் என்ற மாணவருக்கு அந்த ஆய்வைப் படித்து மதிப்பிடுவது பாடப் பயிற்சியாக வந்தது. முன்னுரையில் சில பத்திகள் வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருந்தன. மூலத் தரவைத் திறந்து பார்த்தால், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் கணக்கில் இருந்தார்கள். ஒருவர் விவரமே இன்னொருவர் பெயரில் திரும்ப வருவது போன்ற பதிவுகளும் இருந்தன. அவர் இதை வெளியே சொன்னதும் அந்த முன்பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியர்கள் பலர் தாண்டிப் போனதை வீட்டுப்பாடம் செய்தவர் நின்று பார்த்தார்.

அதற்காக எந்த மலிவான மருந்தும் கோவிட்டுக்கு உதவவில்லை என்று எண்ண வேண்டாம். டெக்சாமெத்தசோன் பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து. பிரிட்டனில் நடந்த 'ரிக்கவரி' சோதனை இதே குலுக்கல் முறையில் அதைப் பரிசோதித்தது. சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; ஆக்சிஜன் பெற்றவர்களிடையேயும் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. ஒரே மருந்து நான்காம் நிலையில் உயிர் காக்கிறது, இரண்டாம் நிலையில் உதவவில்லை! 2020 ஜூனில் வந்த இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சையை மாற்றியது.

13 முறை நாணயம் சுண்டுங்கள்

மலேசிய ஆய்வுக்குள் இன்னோர் எண் ஒளிந்திருந்தது. ஐவர்மெக்டின் ஆதரவாளர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் 28 நாளுக்குள் இறந்தவர்கள்: மாத்திரைப் பக்கம் 3 பேர், மறுபக்கம் 10 பேர். "பாருங்கள், மூன்றில் ஒன்றுக்கும் குறைவு!" என்றார்கள்.

கேட்டால் யாருக்கும் மனம் அசையும். ஆனால் ஆய்வாளர்கள் தொடக்கத்தில் எழுதி வைத்த முதன்மைக் கேள்வி இறப்பு அன்று. பத்துப் பதினைந்து விஷயங்களை எண்ணிவிட்டு, நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். முன்கூட்டியே எழுதி வைப்பது இதைத் தடுக்கத்தான். அதோடு, மொத்தம் 13 இறப்புகள் மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயல் எவ்வளவு விளையாடும் என்பதை நீங்களே சோதிக்கலாம்.

மருந்துக்குச் சக்தி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இறந்த 13 பேரில் ஒவ்வொருவரும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான். வகுப்பில் ஆளுக்கொரு 20 காசு எடுத்து 13 முறை சுண்டுங்கள். பூ எத்தனை முறை விழுந்தது என்று குறியுங்கள். பெரும்பாலானோருக்கு ஐந்து முதல் எட்டு வரை வரும். 3 அல்லது அதற்கும் குறைவாக, அல்லது 10 அல்லது அதற்கும் மேலாக வந்தவர்கள் கை தூக்கட்டும். கணக்குப்படி நூறு பேரில் 9 பேருக்கு இப்படி வரும். 30 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூவர். அவர்கள் காசில் எந்த மருந்தும் தடவியிருக்க மாட்டீர்கள். வகுப்பில் ஒருவருக்கும் வராமலும் போகலாம், ஐந்து பேருக்கு வரவும் செய்யலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூற்றில் ஒன்பது என்பது முற்றாக ஒதுக்கிவிடும் அளவுக்குச் சிறியதும் அன்று, நம்பிவிடும் அளவுக்குப் பலமானதும் அன்று. இப்படிப்பட்ட இடத்தில் செய்ய வேண்டியது வாதம் அன்று, இன்னும் பெரிய சோதனை. பிரேசிலில் அது நடந்தது. 1,358 நோயாளிகள், பாதிப் பேருக்கு ஐவர்மெக்டின், பாதிப் பேருக்கு அதேபோல் தோற்றமளிக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2022 மார்ச்சில் முடிவு வெளியானது. இறந்தவர்கள் ஐவர்மெக்டின் பக்கம் 21 பேர், போலி மாத்திரைப் பக்கம் 24 பேர். மலேசிய ஆய்வில் மூன்று மடங்குக்கும் மேலாகத் தெரிந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.